ஒரு பேச்சுக்குச் சொன்னது



வாத்தியார் நினைவாக நடக்கும் இந்தக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று தோழர்கள் கேட்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும். யாராவது ஏதாவது சொன்னால் அவர் இரண்டே கேள்விதான் கேட்பார். "யார் சொன்னது? எப்போதிலிருந்து சொல்றாங்க?" இந்தக் கேள்விகளுக்குப் பயந்தே அவர் முன்னால் நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். இன்றைக்கு அந்த இரண்டு கேள்விகளையும் கையில் எடுத்துக்கொண்டு, நம் காதில் அன்றாடம் விழுகிற சில பேச்சுகளைப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு டீக்கடை. நான் சிறுவனாக இருந்தபோது அங்கே எங்களுக்குத் தனிக் குவளை. குடித்துவிட்டு நாங்களே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு போராட்டம் நடந்தது, அதிகாரிகள் வந்தார்கள், குவளை போனது. இப்போது எல்லாருக்கும் காகிதக் கப். போன வருடம் அதே கடையில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "அந்தக் காலத்துல எல்லாரும் ஒத்துமையாத்தானே தம்பி இருந்தோம். இந்த அரசியல்காரங்க வந்துதான் சாதியக் கிளப்பி விட்டாங்க." அவர் கெட்டவர் இல்லை. என் அப்பா இறந்தபோது வாசல்வரை வந்து நின்றவர். நான் குவளையை நினைவுபடுத்தினேன். சிரித்துக்கொண்டே, "நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றார்.

'சும்மா ஒரு பேச்சுக்கு' என்பதுதான் இன்றைய என் பொருள். அரசியல், வரலாறு, சினிமா பற்றி எல்லாரும் கருத்துச் சொல்கிறோம். யாரும் ஆதாரம் வைத்துக்கொண்டு டீ குடிப்பதில்லை. ஆனால் இந்தப் பேச்சுகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. ஒவ்வொன்றையும் யாரோ, ஏதோ ஒரு வருடத்தில், ஏதோ ஒரு தேவைக்காக உண்டாக்கியிருக்கிறார்கள். பிறகு உண்டாக்கியவர் மறைந்து, பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது. அதன் பிறப்பைத் தேடிப் போவதும் வரலாற்று வேலைதான்.

நந்தன் யாருடைய பண்ணையாள்?

முதலில் நந்தனை எடுத்துக்கொள்கிறேன். நந்தனார் கதை தெரியுமா என்று தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் தெரியும் என்பார்கள். சொல்லச் சொன்னால் இப்படிச் சொல்வார்கள்: நந்தன் ஒரு பிராமணப் பண்ணையாரிடம் அடிமையாக இருந்தான். சிதம்பரம் போக அனுமதி கேட்டான். நாற்பது வேலி நிலத்தில் பயிரேற்றிவிட்டுப் போ என்றார் ஆண்டை. சிவன் அருளால் ஒரே இரவில் வேலை முடிந்தது. ஆண்டை மனம் மாறினார். நந்தன் சிதம்பரம் போய் ஜோதியில் கலந்தான்.

வாத்தியாரின் கேள்வியைக் கேட்போம். யார் சொன்னது?

சேக்கிழார் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் புராணம் இருக்கிறது. அதில் ஆதனூர்ப் புலைப்பாடி வருகிறது. அங்குள்ள குழந்தைகள், கோழிகள், நாய்க்குட்டிகள், உலர்த்திய தோல் என்று சேக்கிழார் நின்று நிதானமாக வருணிக்கிறார். அங்கே நந்தனார் வாழ்கிறார். அவருக்கு வாழ்வாதாரம், ஊர் வெட்டிமைத் தொழிலுக்காக விடப்பட்ட மானிய நிலம். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுப்பது அவர் தொண்டு. திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது. அங்கே அவர் குளம் வெட்டுகிறார். தில்லைக்குப் போக நினைத்து, 'நாளைப் போவேன்' என்று நாளைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். தடுப்பது ஆண்டை அல்ல. தன் பிறப்பு அங்கே ஒவ்வாது என்கிற எண்ணமே அவரைத் தடுக்கிறது. கடைசியில் தில்லைவாழ் அந்தணர்கள் தீ மூட்டுகிறார்கள். அவர் அதில் புகுந்து, பூணூல் அணிந்த முனிவராக வெளியே வந்து, உள்ளே போய் மறைகிறார். சேக்கிழாரில் வேதியர் பண்ணை இல்லை. நாற்பது வேலியும் இல்லை.

அப்படியானால் பண்ணையார் எப்போது வந்தார்? கோபாலகிருஷ்ண பாரதியோடு வந்தார். 1860-களின் தொடக்கத்தில் அச்சேறிய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'தான் வேதியரைக் கதைக்குள் கொண்டுவந்தது. பாரதி காவிரிப் படுகைக்காரர். தான் கண்ட உலகத்தைப் புராணத்தின் மேல் வைத்து எழுதினார். 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கிவிட்டது. ஆனால் தஞ்சை வயல்களில் மிராசுதார், பண்ணையாள் உறவு அப்படியே இருந்தது. கீர்த்தனையின் வேதியர் சோழர் காலத்து மனிதர் அல்ல. பாரதி காலத்துத் தஞ்சை மிராசுதார். மூலத்திலிருந்து விலகியது, இலக்கணப் பிழை மலிந்தது என்று மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப் பாயிரம் தரத் தயங்கிய செய்தியை உ.வே.சா. பதிவு செய்திருக்கிறார். புலவர் தயங்கினாலும் மக்கள் தயங்கவில்லை. கதாகாலட்சேபமாக ஊர் ஊராகப் போனது.

பாரதியைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு வகையில் அவர் உண்மையைத்தான் எழுதினார். கூலி அடிமையின் உடல் யாருக்குச் சொந்தம், அவன் ஒருநாள் லீவு கேட்டால் என்ன நடக்கும் என்பதை மேடையில் வைத்தார். ஆனால் தீர்வை எங்கே வைத்தார் என்று கவனியுங்கள். வேலையைச் சிவன் செய்தார். ஆண்டையின் மனம் தானாக மாறியது. பண்ணையாள் கேட்டதும் அனுமதி மட்டுமே. கூலியைப் பற்றியோ நிலத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

பிறகு சினிமா வந்தது. 1935-இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அன்றைக்கு நாடே பேசிய செய்தி. 1942-இல் ஜெமினி தயாரித்த 'நந்தனார்' படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் பாடி நடித்தார். ஹரிஜன சேவை பற்றிய பேச்சு ஓங்கியிருந்த ஆண்டுகள் அவை. காந்தியும் நந்தனைப் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறார். எதிர்த்துச் சண்டை போடாமல், தன்னை வருத்திக்கொண்டு தடையை வென்ற சத்தியாகிரகியாகவே அவர் நந்தனைப் பார்த்தார். படம் பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். கண்ணீர் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், கொல்லைப்புறமாக வந்த பண்ணையாளுக்குக் கூலி அளந்தார்கள். 'நந்தனை மாதிரி பொறுமையா இருந்தா கடவுளே வழி விடுவார்' என்பது இப்படித்தான் டீக்கடைப் பேச்சாகியது.

இதே காலத்தில் நம் பக்கம் என்ன சொன்னார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டைத் தொடங்கினார். அவர் எழுத்தில் நந்தன் கூலி அல்ல. வேஷ பிராமணரின் சூழ்ச்சியால் கொல்லப்பட்ட பௌத்த அரசன். நந்தன் என்றொரு அரசன் இருந்தான், கோட்டை கட்டி ஆண்டான் என்ற வாய்மொழிக் கதையும் சோழநாட்டுச் சேரிகளில் உண்டு. இதைக் கல்வெட்டு கொண்டு நிரூபிக்க முடியுமா என்று மாணவர்கள் கேட்பீர்கள். அந்தக் கேள்வி நியாயமானது. நிரூபித்த வரலாறாக இதை நான் முன்வைக்கவில்லை. ஒரே பெயரைப் பற்றி ஊர் ஒரு கதையும் சேரி வேறொரு கதையும் சொல்லிக்கொண்டிருந்தன, அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே அச்சகமும் மேடையும் சினிமாவும் கிடைத்தன என்பதையே சொல்கிறேன்.

சுவாமி சகஜானந்தர் மூன்றாவது வழியில் போனார். 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கினார். நந்தன் எரிந்ததாகச் சொல்லும் அதே ஊரில், நந்தன் பெயரில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 'நல்லதம்பி' படத்தில், 1949-இல், 'கிந்தனார்' காலட்சேபம் செய்தார். அதில் கிந்தன் சிதம்பரத்துக்குப் போகவில்லை, படிப்பதற்காகச் சென்னைக்குப் போகிறான். அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட 'தீண்டப்படாதார்' நூலை நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். நந்தனை நாம் தூக்கி எறிய வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். எறிய வேண்டியது அவனைச் சுற்றிக் கட்டிய அந்தப் பொறுமைப் பாடத்தைத்தான்.

பக்தனுக்கு இப்படி என்றால் வீரனுக்கு என்ன? மதுரை வீரன் அருந்ததியர் குடியில் வளர்ந்தவன் என்பது ஊரறிந்தது. ஆனால் அச்சுக் கதையிலும், 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படத்திலும் அவன் அரண்மனையில் பிறந்து காட்டில் விடப்பட்ட குழந்தை. என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் எடுத்து வளர்த்தவர்கள் மட்டுமே. நம்மில் ஒருவன் பக்தனானால் அவன் உடலை நெருப்பில் போட்டு மாற்றுகிறார்கள். வீரனானால் அவன் பிறப்பையே மாற்றுகிறார்கள். 'இவ்வளவு வீரம் அங்கே எப்படிப் பிறக்கும்?' என்கிற ஒரு வரிப் பேச்சுத்தான் இரண்டரை மணி நேரப் படத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அழைத்துப் போனவர், நடந்து போனவர்

இரண்டாவது பேச்சு: "கோயிலுக்குள்ள உங்களக் கூட்டிட்டுப் போனதே நாங்கதானே."

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தலைமையில் நுழைவு நடந்தது. அவரது துணிவை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. சொந்தச் சாதியின் பகையைச் சம்பாதித்துக்கொண்டு செய்தார். ஆனால் இந்த வாக்கியத்தின் இலக்கணத்தைப் பாருங்கள். எழுவாய் அவர், நாம் செயப்படுபொருள். 'அழைத்துச் சென்றார்.' உள்ளே நடந்த கால்கள் யாருடையவை? அன்று சென்றவர்களில் ஒருவர் பின்னாளில் அமைச்சரான கக்கன் என்பதைச் சிலர் சொல்வார்கள். மற்றவர்கள் பெயரைக் கேட்டால் பாடப்புத்தகம் படித்தவர்களும் விழிப்பார்கள். அவர்கள் திரும்பிப் போக வேண்டியது அதே ஊருக்கு, அதே தெருவுக்கு என்பதை நினைத்தால் அந்தக் கால்களின் துணிவு விளங்கும்.

அதற்கு முன்பே நடந்தவை பேச்சில் வருவதே இல்லை. பொதுச் சாலை, கிணறு, பொது இடங்களில் எல்லாரும் புழங்கலாம் என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893-லேயே 'பறையன்' என்ற பெயரில் இதழ் நடத்தியவர் அவர். 1938-இல் எம்.சி. ராஜா மாகாணம் முழுமைக்கும் பொருந்தும் கோயில் நுழைவு மசோதாவைச் சட்டசபையில் வைத்தார். ராஜாஜி அரசு அதை ஆதரிக்கவில்லை, மசோதா தோற்றது. மறு வருடம் மதுரை நிகழ்ச்சி நடந்தது, சட்டமும் வந்தது. நாமே கேட்டபோது கிடைக்காதது, அழைத்துப் போக ஆள் வந்தபோது கிடைத்தது. பேச்சில் நிலைத்ததும் அந்த அழைப்பு மட்டும்தான்.

கார் வைத்திருப்பவர் நடந்து வருவாரா?

மூன்றாவதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தடுமாறலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1968 டிசம்பர் 25. நாகைப் பக்கம் கீழவெண்மணி. விவசாயத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள், சங்கத்தில் சேர்ந்தார்கள், செங்கொடி ஏற்றினார்கள். கொடியை இறக்கு என்றார்கள் நிலவுடைமையாளர்கள். இறக்கவில்லை. அன்றிரவு ஒரு குடிசைக்குள் ஒளிந்தவர்களை வெளியே பூட்டித் தீ வைத்தார்கள். 44 பேர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அத்தனை பேரும் தலித்துகள்.

கீழ் நீதிமன்றம் நிலவுடைமையாளர்கள் சிலருக்குத் தண்டனை கொடுத்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பில் இடம்பெற்ற ஒரு வாதத்தை நீங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர்கள் செல்வந்தர்கள், நிறைய நிலம் உள்ளவர்கள், ஒருவரிடம் கார்கூட இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நேரில் நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது என்பது அதன் சாரம்.

தோழர்களே, இது சட்டமா? டீக்கடைப் பேச்சுத்தானே. 'அவ்ளோ பெரிய மனுஷன் இதையெல்லாம் செய்வாரா?' நம் ஊர்த் திண்ணைகளில் நாம் கேட்டு வளர்ந்த வாக்கியம் இது. பெரிய மனுஷன் என்றால் கை நீட்ட மாட்டார், பொய் சொல்ல மாட்டார். சின்ன மனுஷன் என்றால் இரண்டையும் செய்வான். யாரும் இதற்கு ஆதாரம் கேட்டதில்லை. அதே வாக்கியம் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புத் தாளில் ஏறியபோது, 44 உயிருக்கு யாரும் குற்றவாளி இல்லை என்றாகிவிட்டது. 'சும்மா ஒரு பேச்சுத்தானே, விட்டுத் தள்ளுங்க' என்று நம்மிடம் சொல்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் வெண்மணிதான். சாதாரணப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்பதை அது காட்டியது.

தீர்ப்போடு முடியவில்லை. வெண்மணியைப் பின்னணியாக வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' நாவல் 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் நிலக்கிழாரின் கொடூரத்துக்கு அவரது ஆண்மைக் குறைபாடு ஒரு விளக்கமாகிறது. நிலமும் கூலியும் சாதியும் சேர்ந்து செய்த கொலை, ஒரு மனிதனின் அந்தரங்க நோயாகச் சுருங்கியது. அப்போதே பலர் இதை எதிர்த்து எழுதினார்கள். மறுபக்கத்தில், 'அது வெறும் கூலித் தகராறு, சாதிய உள்ள இழுக்காதீங்க' என்று முற்போக்குப் பேசியவர்களிலும் சிலர் சொன்னார்கள். கூலி கேட்ட எத்தனையோ ஊர்களில் கைகலப்பு நடந்தது, வழக்கு நடந்தது. குழந்தைகளோடு சேர்த்துக் கொளுத்தலாம் என்ற எண்ணம் சேரி என்று வந்தபோது மட்டும் எப்படி எழுந்தது? இந்தக் கேள்வியை விட்டுவிட்டு வெண்மணியைப் பேசினால் அது பாதிப் பேச்சு.

பத்து வருஷக் கணக்கு

அடுத்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பதில் சுருக்கமானது. "இடஒதுக்கீட்டை அம்பேத்கரே பத்து வருஷத்துக்குத்தானே கொடுத்தார்?" மாணவர்களே, இதை விடுதியிலும் வகுப்பிலும் தினமும் கேட்பீர்கள். அரசியல் சட்டத்தில் பத்து ஆண்டு என்ற வரம்பு 334-ஆம் பிரிவில் வருகிறது. அது சட்டமன்ற, நாடாளுமன்றத் தனித்தொகுதிகளுக்கானது. அது தொடர்ந்து நீட்டிக்கப்பட்டு இப்போது 2030 வரை இருக்கிறது. அரசு வேலைக்கான 16(4)-இல் ஆண்டுக் கணக்கு கிடையாது. கல்விக்கான 15(4) பிரிவு 1951-இல் முதல் திருத்தத்தில் சேர்ந்தது. சென்னை மாகாண வகுப்புவாரி ஆணை நீதிமன்றத்தில் அடிபட்டதால் வந்த திருத்தம் அது. அதிலும் ஆண்டுக் கணக்கு கிடையாது. பதில் நான்கு வரிதான். ஆனால் அந்த நான்கு வரி தெரியாமல் தலை குனிந்து விடுதி அறைக்குத் திரும்பிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பிரிவு எண்களோடு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: "சினிமாவுல ஏன் இப்ப எல்லாத்துலயும் சாதியக் கொண்டு வர்றாங்க?" 'பரியேறும் பெருமாள்' வந்தபோதும், 'அசுரன்' பஞ்சமி நிலத்தைப் பேசியபோதும் இதைக் கேட்டோம். 1992-இல் 'சின்னக் கவுண்டர்', 'தேவர் மகன்', 1994-இல் 'நாட்டாமை'. தலைப்பிலேயே சாதியும் ஊர் அதிகாரமும் இருந்த படங்கள். அப்போது இதைச் சாதிப் படம் என்று யாரும் சொல்லவில்லை, கிராமத்துப் படம் என்றார்கள். தீர்ப்புச் சொல்லும் திண்ணையில் கேமரா இருந்தவரை அது மண்வாசனை. கேமரா தெருவைத் தாண்டிச் சேரிக்குள் வந்து அங்கிருந்து திண்ணையைப் பார்த்தவுடன் அது சாதிப் பிரச்சினை. பஞ்சமி நிலம் 1892 அரசாணையில் பிறந்தது. அதைக் கேட்டு 1994-இல் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் கொடுத்தார்கள். சினிமா அதைக் கண்டுபிடிக்கவில்லை, தாமதமாக வந்து சேர்ந்தது. அவ்வளவுதான்.

நம் பேச்சு

கடைசியாக, நம் பக்கத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் போனால் வாத்தியார் என்னை மன்னிக்க மாட்டார்.

நாமும் சும்மா பேசுகிறோம். நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் நம் முன்னோர் பற்றி வருகிற செய்திகளில் பாதிக்கு ஆதாரம் இல்லை. எல்லாப் பேரரசனும் நம்மவன் என்று ஒரு படம் போட்டு அனுப்பிவிடுகிறோம். அயோத்திதாசர் மாற்று வரலாறு எழுதியபோது சொல்லுக்குச் சொல் விளக்கம் தந்தார், நிகண்டுகளையும் ஓலைகளையும் எடுத்து வைத்து வாதாடினார். அவரோடு நாம் உடன்படலாம், மாறுபடலாம், ஆனால் வாதாட அங்கே ஏதோ இருக்கிறது. ஃபார்வர்டு செய்தியோடு எப்படி வாதாடுவது? அரச பரம்பரை என்று சொன்னால்தான் மதிப்பு என்று நினைப்பதும், மதுரை வீரனை அரண்மனையில் பிறக்க வைத்தவர்களின் அதே நினைப்புத்தான். தோல் பதனிட்டவர்களுக்கும் நடவு நட்டவர்களுக்கும் வரலாறு கிடையாதா?

நமக்குள் ஒரு உட்பிரிவு மற்ற உட்பிரிவைப் பற்றிச் சொல்லும் வேடிக்கைப் பேச்சுகள் உண்டு. அவற்றை இந்த மேடையில் திருப்பிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்குத் தெரியும். பெண்களைப் பற்றியும் அப்படியே. மீனாம்பாள் சிவராஜ் பெயரைச் சொன்னால் 'சிவராஜ் மனைவிதானே' என்று முடித்துவிடுகிறோம். அழைத்துச் சென்றார் என்ற இலக்கணத்தை நாமும் வீட்டுக்குள் வைத்திருக்கிறோம்.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். ஆளுக்கொரு பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் டீக்கடையில், வகுப்பறையில், உங்கள் வீட்டில் கேட்டது. அது எப்போதிலிருந்து சொல்லப்படுகிறது என்று தேடுங்கள். பழைய அரசாணை, பழைய இதழ், சினிமாப் பாட்டுப் புத்தகம், உங்கள் பாட்டியின் நினைவு எல்லாவற்றையும் பாருங்கள். பாட்டியை முதலில் கேளுங்கள், அரசாணை காத்திருக்கும். தேடிக் கண்டதை எழுதி அடுத்த ஆண்டு இந்தக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நான் பேசிய நேரத்தை அன்றைக்கு உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று மன்றத்தாரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

டீக்கடைப் பெரியவரைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். 'சும்மா சொன்னேன்' என்றவர், நான் எழுந்து கிளம்பும்போது கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க அப்பா அந்தக் குவளையத் தொட்டதே இல்ல தம்பி. இங்க டீயே குடிக்க மாட்டாரு" என்றார். என் அப்பாவுக்கு டீ பிடிக்காது என்றுதான் ஐம்பது வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசிக்கொண்டோம்.